ஏரி கலங்கலுக்குச் சாதாக் கெண்டைதான் காரணமா?

கேள்வி:
10 ஹெக்டேர் ஏரி, அதிகபட்ச ஆழம் 3 மீட்டர். கோடையில் செக்கி தட்டு (நீரின் தெளிவை அளக்க இறக்கும் வட்டத் தட்டு) 30 செ.மீ. ஆழத்திலேயே மறைந்துவிடுகிறது. நீர்ச்செடிகள் அறவே இல்லை. கரையோரச் சேற்றில் கெண்டை கிண்டிய குழிகள். நீர் கெட்டதால் மீன் பெருகியதா, மீன் பெருகியதால் நீர் கெட்டதா? தண்ணீரைத் தெளிய வைத்தால் மீன் தானாகக் குறையுமா?

பதில் 1:
குறையாது. தெளிந்த நீரிலும் அது நன்றாகவே வளரும். மற்ற மீன்கள் தாங்காத நீரையும் தாங்கும், அவ்வளவுதான். வாயைக் குழல்போல் நீட்டிச் சேற்றை உறிஞ்சும், புழுக்களை வடிகட்டிக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். வேர் பிடுங்கிக்கொள்ளும், பாசிக்கு உரமான பாஸ்பரஸ் சேற்றிலிருந்து மேலே வரும், பாசி பிடிக்கும். கோடையில் மென்சேற்று ஓரங்களில் தேடுங்கள். நீர் 17–20 டிகிரியைத் தொட்டதும் முட்டையிட ஆழமற்ற செடிப் பகுதிக்குப் போகும். குளிர்ப் பிரதேசமானால் குளிர்காலத்தில் கூட்டமாகச் சேர்ந்து நிற்கும். இழுவலை போட அதுவே நல்ல நேரம்.

பதில் 2:
முதலில் கலங்கல் எதனால் என்று பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் வண்டல் தங்கி மேலே தெளிந்தால் சேறு. பச்சை அப்படியே நின்றால் பாசி. (நுண்களிமண் ஒரு நாளில் இறங்காது, ஏமாந்துவிடாதீர்கள்.)

பிறகு எண்ணிக்கை. 60 மீன்களின் துடுப்பு நுனியை அடையாளமாக வெட்டி, மீண்டும் ஏரியில் விடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பிடிக்கும் 90-இல் 9 அடையாளமிட்டவை என்றால், 60×90÷9 = 600 மீன். சராசரி 2.5 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 150 கிலோ. ஆழமற்ற ஏரிகளில் 100 கிலோவைத் தாண்டினாலே செடிகள் அழியத் தொடங்கும். இரண்டு முறையும் ஒரே மூலையில் வலை போட்டால் கணக்கு தப்பும்.

பதில் 3:
பிடித்துத் தள்ளினால் மட்டும் போதாது, குஞ்சு எங்கே வளர்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏரியோடு இணைந்த சதுப்புக் குட்டைதான். அங்கே ஆக்சிஜன் அற்றுப்போகும் பருவத்தில் முட்டை தின்னும் சிறுமீன்கள் செத்துவிடும்; அடுத்த பருவத்தில் கெண்டை முட்டைக்கு எதிரியே இருக்காது. நீரின் தரம் இந்த மீனுக்கு உதவுவது இங்கேதான். ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளவிடுங்கள். நண்பகல் அளவு பாசியால் உயர்ந்து காட்டும்.

இணைப்புக் கால்வாயில், முட்டையிட மீன் ஏறும் முன்பே கம்பித் தடுப்பு வையுங்கள். இடைவெளி 4 செ.மீ. அளவில் இருந்தால் பெரியவை நிற்கும், சிறியவை நுழைந்துவிடும். குப்பையை அடிக்கடி வாராவிட்டால் நீர் தேங்கித் தடுப்புக்கு மேலே வழியும், மீனும் கூடவே தாண்டும். படிகாரம் போடும் எண்ணம் இருந்தால் மீனைக் குறைத்த பிறகு போடுங்கள். இல்லையேல் படிகாரம் அடியில் படிந்து பாஸ்பரஸைப் பிடித்துவைத்த படலத்தையும் கெண்டை கிண்டிவிடும்.