கன்வர்ஷன் கிட் மாட்டினால் அதே துப்பாக்கியா?

பழைய இரும்பு:
".22 கன்வர்ஷன் கிட்டை மாட்டினால் போதும், அதே துப்பாக்கி, அதே பயிற்சி" என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய துப்பாக்கியின் மேல்பாகத்தை மாற்றிச் சின்ன .22 தோட்டாவைச் சுட வைக்கும் தொகுப்புதான் அந்தக் கிட். .45 பிஸ்டலின் 230 கிரெய்ன் எடைக் குண்டு எங்கே, .22இன் இந்த 40 கிரெய்ன் எங்கே? ஏணி வைத்தாலும் எட்டாது. பின்னுதைப்பு முக்கியமில்லை என்றால் கோல்ட் நிறுவனம் 1937இல் .22 சுடும் சர்வீஸ் ஏஸ் பிஸ்டலில் மிதக்கும் அறையை, அதாவது சுடும்போது தானும் பின்னால் நகர்ந்து ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகத்தை) உதைக்கும் தோட்டா அறையை, ஏன் வைத்தது? .45 போல உதைக்க வைக்கத்தான்.

குறிதவறாதவன்:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொன்னால் வாய் வலிக்குமா? ஃப்ரேம், பிடி, ட்ரிகர் மூன்றும் அப்படியே இருக்கின்றன. மாறுவது ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங், மேகசின். விரல் பழகுவது ட்ரிகரிலா, ஸ்லைடிலா? மிதக்கும் அறை வைத்தது கனமான ஸ்லைடைத் தள்ளுவதற்கு. உங்கள் மணிக்கட்டுக்காக அல்ல.

பழைய இரும்பு:
அப்படியா? 1931இல் வந்த முந்தைய .22 ஏஸில் அந்த அறை கிடையாது. ஸ்லைடின் எடையைக் குறைத்தார்கள், சுட்டது. பிறகு எதற்கு மிதக்கும் அறை?

குறிதவறாதவன்:
அறை இல்லாத அந்த ஏஸ் தோட்டாவுக்குத் தோட்டா அடம்பிடித்தது. அதனால்தான்.

எண்ணெய்த்துணி:
இரண்டு பேரும் அதைத் துடைத்துப் பார்த்ததுண்டா? அறைக்கும் பேரலுக்கும் நடுவே ஈயமும் கரியும் ஏறி இறுகிவிடும். இன்றைய கிட்டுகள் பெரும்பாலும் அலுமினிய ஸ்லைடு, தோட்டாவின் உதையே நேராக ஸ்லைடைத் தள்ளும் சாதாரண பின்னழுத்த இயக்கம். நிம்மதி.

பழைய இரும்பு:
அலுமினியம் ஏன்? எஃகைத் தள்ள .22க்குத் தெம்பு இல்லை. என் கட்சிக்கு வாதாடியதற்கு நன்றி.

குறிதவறாதவன்:
சிஇசட் 75 பிஸ்டலுக்கான கடெட் கிட் எஃகு. அதற்கு மட்டும் தெம்பு எங்கிருந்து வந்தது?

பழைய இரும்பு:
அதில் மேல்பாகத்தின் பின்பகுதி மட்டும்தான் நகர்கிறது. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கும் பழக்கம் உங்களை விட்டுப் போகவே இல்லை. தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்தாலும் ரிம்ஃபயருக்கு (தோட்டாவின் விளிம்பில் ஊசி அடித்துச் சுடும் .22 வகைக்கு) ஒன்றும் ஆகாது என்று முன்பு அறிவுரை சொன்னவர்தானே? ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் போட்டால் யார் பொறுப்பு?

குறிதவறாதவன்:
ஊசி விளிம்பைத் தொடாதபடி தடுப்பு உள்ளவற்றுக்குச் சொன்னேன். நீங்கள்தான் பாதியை மட்டும் படித்தீர்கள். அந்தக் கோபத்தைத்தான் இன்னும் சுமந்து கொண்டு திரிகிறீர்கள்.

புதுக்கை:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். மேகசின் நிரப்பினால் இரண்டாவது தோட்டாவிலேயே சிக்கிக்கொள்கிறது. கிட் பழுதா?

எண்ணெய்த்துணி:
பழுது இல்லை. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள்.

பழைய இரும்பு:
பார்த்தீர்களா? .45இல் இந்த வம்பு உண்டா? இதற்குப் பெயர் அதே பயிற்சியாம்.

குறிதவறாதவன்:
மேகசின் மாறும் என்று இரண்டாவது பதிவிலேயே எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

பழைய இரும்பு:
கண்ணாடி இருக்கிறது, பதிலைத்தான் காணவில்லை. உதைக்க வைக்க இல்லையென்றால் மிதக்கும் அறை எதற்கு?

எண்ணெய்த்துணி:
புதுக்கை, நீங்கள் தனியாக எழுதிக் கேளுங்கள். இவர்கள் இன்று ஓயமாட்டார்கள்.

பழைய இரும்பு:
"இவர்கள்" என்று என்னையும் சேர்த்துப் பேச வேண்டாம். நான் கேட்பது ஒரே கேள்வி.