வைஸில் நசுக்கிய பத்துப் பைசா

கோவையில் ஒரு நாணயக் கண்காட்சி. அலுமினியப் பத்துப் பைசா ஒன்றைத் தனிப் பெட்டியில் வைத்திருந்தார் வியாபாரி. ஒரு புறம் வழக்கமான 10. சிங்கம் இருக்க வேண்டிய மறுபுறத்தில் அதே 10 இடம்வலம் மாறிக் குழிந்திருந்தது. “ப்ரோக்கேஜ் சார். நாலாயிரம், உங்களுக்கு மூவாயிரம்” என்றார். ப்ரோக்கேஜ் என்பது நாணயம் அச்சடிக்கும்போது நேரும் ஒரு வகைப் பிழை.

லென்ஸ் வைத்துப் பார்த்தால், குழிந்த எண்ணைச் சுற்றிச் சிங்கத்தூணின் மிச்சம் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. அசல் ப்ரோக்கேஜில் அதற்கு வழியே இல்லை. முதலில் அடித்த நாணயம் கீழே விழாமல் சிங்க அச்சில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் வெற்றுத் தகடு அந்த நாணயத்தின் மேல் அடிவாங்குகிறது. சிங்க அச்சு அந்தத் தகட்டைத் தொடவே இல்லை. பிறகு சிங்கம் எப்படி வரும்? இரண்டு காசுகளைச் சேர்த்துப் பட்டறை வைஸில், அதாவது பொருளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கியில், இறுக்கிய வேலை இது. அலுமினியத்துக்குப் பெரிய பலமும் வேண்டாம்.

சொன்னதும் அவர், “அப்படியானால் டபுள் ஸ்டிரைக்” என்றார். அசந்துபோனேன். அச்சு இரண்டு முறை விழுந்தாலும் எண் நேராக, புடைப்பாகத்தான் வரும். குழிந்து, இடம்வலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாக வராது.

வேடிக்கை என்னவென்றால், அசல் பிழை அதே மேசையில் சில்லறைக் குவியலில் கிடந்தது. ஓரத்தில் பிறை வடிவில் குறைந்த எஃகு ஒரு ரூபாய். தகடு வெட்டும்போது உலோகப் பட்டை சரியாக நகராமல், முந்தைய துளையின் மேலேயே வெட்டு விழுந்தால் இப்படி ஆகும். அரத்தால் ராவியும் இதே பிறையைக் கொண்டுவரலாம். ஆனால் இந்தக் காசில் பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மேடு மங்கியிருந்தது. விளிம்பு எழுப்பும் பொறியில், ஒரு பக்கம் குறைந்த தகட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் சரியாகக் கிடைப்பதில்லை. அரம் பிடிக்கிறவர் இதையெல்லாம் யோசிப்பதில்லை. வியாபாரி அதற்கு நூறு ரூபாய் கேட்டார்; பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

எடையும் உதவும். 1992 முதல் வந்த அந்த எஃகு ரூபாய் 4.85 கிராம், பிழை போலக் காட்ட அமிலத்தில் ஊறவைத்து மெலியச் செய்த காசு, எடை குறைந்து தராசில் அகப்பட்டுவிடும்.

பத்து ரூபாயில் நடுவட்டம் திரும்பியிருப்பதைப் பிழை என்று விற்கிறார்கள். மையமும் வளையமும் ஒரே அடியில் அச்சாகிறவை. மையத்தின் படம் மட்டும் தனியே திரும்பியிருந்தால் தட்டிக் கழற்றி மாட்டியதுதான். அப்படி ஒன்று கையில் இருப்பவர்கள் இணைப்பு ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.