குட் டச், பேட் டச் வகுப்பு: இன்னும் மனசை அரிக்கிற ஒரு நிமிடம் இருந்தால் எழுதுங்கள்

சாக்பீஸ்
மூன்றாம் வகுப்பு. பாடம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்: படம், பாட்டு, "வேண்டாம்னு கத்து, ஓடு, சொல்லு". கடைசிப் பத்து நிமிடம் ஒர்க்ஷீட். ஒரு தாளில் இரண்டு கட்டம். எது நல்ல தொடுதல், எது கெட்ட தொடுதல் என்று பிரித்து எழுத வேண்டும். எல்லாரும் அம்மா முத்தம், டாக்டர் ஊசி என்று எழுதிக்கொண்டிருக்க, ஒரு பையன் மட்டும் இடது கட்டத்தில் 'கிச்சுகிச்சு' என்று எழுதி அழித்தான். வலது கட்டத்தில் எழுதினான், அதையும் அழித்தான். திரும்ப இடது. ரப்பரை அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் தாள் கிழிந்தே போனது. எழுந்து வந்து கேட்டான்: "மிஸ், கிச்சுகிச்சு மூட்டினா சிரிப்பு வருதே, அப்ப அது குட் டச் தானே?"

மணி அடிக்கிற நேரம். "ஆமாடா, போய் உட்காரு" என்றேன்.

இரண்டு வருஷம் ஆச்சு. சும்மா சந்தேகமாகக் கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்த ஓட்டை கண்ணை விட்டுப் போகவில்லை.

ரெண்டு பிள்ளை அப்பா
எனக்கு வேறு மாதிரி அனுபவம். வகுப்பு முடிந்த அதே வாரம் வீட்டுக்கு உறவினர் ஒருவர் வந்தார். வயதானவர், நல்ல மனுஷன். என் பெண்ணின் கன்னத்தைக் கிள்ளப் போனார். அவள் படத்தில் இருந்தது போலவே கையை முன்னால் நீட்டி, "வேண்டாம்! எனக்குப் பிடிக்கல!" என்று கத்தினாள். அவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளைத் திட்டி, அவரிடம் ஸாரி சொல்ல வைத்தேன்.

ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: "மிஸ் சொன்னது யாருக்குப்பா?" லைட்டை அணைத்துவிட்டேன்.

இப்போதும் சொல்கிறேன், பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்றும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கட்டும். பிஞ்சு வயசில் பார்க்கிறவர்களை எல்லாம் சந்தேகப்பட வைத்தால் எப்படி?

ஜன்னலோரம்
மேலே எழுதிய அப்பாவுக்கு: நீங்கள் ஸாரி சொல்ல வைத்த அன்றைக்கே அந்த வகுப்பு அவளைப் பொறுத்தவரை முடிந்துபோச்சு. கோபிக்க வேண்டாம். பெரும்பாலும் இந்தப் பாலியல் கொடுமையைச் செய்பவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். "வேண்டாம்" என்ற சொல் வீட்டுக்கு வருகிறவர்களிடம் செல்லாது என்றால், பிறகு யாரிடம்தான் செல்லும்?

பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துப் பயப்படுவார்கள் என்ற கவலைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பள்ளி வகுப்புகளைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்து, 2015-ல் காக்ரேன் என்ற, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. மொத்தம் 5,802 பிள்ளைகள். வகுப்பில் இருந்தவர்களுக்கு விஷயம் கூடுதலாகத் தெரிந்திருந்தது, ஆறு மாதம் வரைக்கும் பெரிதாக மறக்கவில்லை, பயமோ பதற்றமோ கூடியதாகத் தெரியவில்லை. கொடுமை உண்மையிலேயே குறைந்ததா என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

சாக்பீஸ், தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை, அந்த இரண்டு கட்டத்தின் மேலும் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கார்டீலியா ஆண்டர்சன் இந்தத் தொடுதல் பாடத்தை உருவாக்கியபோது, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே 'குழப்புகிற தொடுதல்' என்று ஒன்று இருந்தது. நாம் நடுவில் இருந்ததைத் தூக்கிவிட்டு இரண்டு கட்டம் போட்டுவிட்டோம். அந்தப் பையன் தேடியது அந்த மூன்றாவது கட்டத்தைத்தான். 'குட்', 'பேட்' என்பதை விட்டுவிட்டு 'பாதுகாப்பான, பாதுகாப்பில்லாத' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு வந்தாலும் பாதுகாப்பில்லாததாக இருக்கலாம் என்று விளக்க இடம் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் என்பதும் போதாது. நடித்துப் பார்க்க வைக்க வேண்டும், பெற்றோருக்கும் தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டும்.

என் கதை சின்னது. எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளை மட்டும் ஹாலுக்கு அழைத்தார்கள், பையன்களை விளையாடப் போகச் சொன்னார்கள். நான் பம்பரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஹால் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு அது முழுதாகத் தேவைப்பட்டது.

கேள்விப்பெட்டி
பள்ளி பள்ளியாகப் போய் இந்த வகுப்பு எடுப்பதுதான் என் வேலை. ஜன்னலோரம் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், அந்த நேரத்தில் குழந்தை உறைந்து நின்றுவிடலாம். "கத்துன்னு சொன்னாங்க, நான் கத்தலையே" என்று பிறகு தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். அதனால் 'கத்து, ஓடு' என்பதோடு நிறுத்துவதே இல்லை. "முடியாம போனாலும் உன் மேல தப்பு இல்ல, எத்தனை நாள் கழிச்சும் சொல்லலாம்" என்பதைத்தான் நான் மூன்று தடவை சொல்வேன்.

வகுப்பு முடிவில் எல்லாரும் ஒரு சீட்டு போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் வெற்றுச் சீட்டு. யார் எழுதினார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியக் கூடாது, அதற்காக. ஒரு தடவை எட்டாக மடித்த சீட்டு ஒன்று வந்தது. வியர்வையில் நனைந்து, பிரிக்கவே வரவில்லை. உள்ளே: "சொன்னா அம்மா அழுவாங்க. அப்பவும் சொல்லணுமா?"

அடுத்த வகுப்பில் பொதுவாகப் பதில் சொன்னேன். அன்றைக்கு யாரும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு பிள்ளை கவுன்சிலர் அறை வாசலில் வந்து நின்றதாகச் சொன்னார்கள். அதே பிள்ளைதானா என்று எனக்குத் தெரியாது.

சாக்பீஸ், பையன் இன்னும் உங்கள் பள்ளியில்தானே இருக்கிறான்? போய்ப் பேசுங்கள். யாரு, எப்போ, எங்கே என்று தோண்ட வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே வேண்டாம். அவன் சொன்னால், சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி உரியவரிடம் அன்றைக்கே கொடுங்கள்.

ரெண்டு பிள்ளை அப்பா
நேற்று இரவு என் பெண்ணிடம் ஸாரி சொன்னேன். "எதுக்கு?" என்றாள். ஒரு வருஷத்துக்கு முந்திய விஷயம், மறந்திருப்பாள் என்று நினைத்தேன். விளக்க ஆரம்பித்ததும், "ஓ, அந்தத் தாத்தா" என்றாள். மறக்கவில்லை.

சாக்பீஸ்
இன்று இடைவேளையில் அவனைப் பார்த்தேன். "டேய், மூணாவதுல ஒரு கேள்வி கேட்டியே, கிச்சுகிச்சு பத்தி. மிஸ் தப்பா பதில் சொல்லிட்டேன். சிரிப்பு வந்தாலும் உனக்கு வேண்டாம்னா அது வேண்டாம்தான்" என்றேன்.

குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அதுவா மிஸ். இப்ப அவங்க வீடு மாத்திப் போயிட்டாங்க."

யாரு என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. "சொன்னது ரொம்ப நல்லதுடா. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லப்போறேன்" என்றேன். தலையை ஆட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அவன் சொன்ன அந்த ஒரு வரியை அப்படியே எழுதி, தேதி போட்டு, கவுன்சிலரிடம் கொடுத்துவிட்டேன். அவர் நாளைக் காலை அவனைப் பார்க்கிறார்.