மெடிகெய்ட் பெண்களுக்கு மட்டும் ஏன் இந்த 30 நாள்?

பிரசவவார்டு:
டெக்சாஸில் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நான்காவது பிரசவம், சிசேரியன். அதோடு கு.க. ஆபரேஷனும் செய்துவிடுங்கள் என்று அவரே கேட்டு, படிவத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார், ஆனால் போட்டு 14 நாள்தான் ஆகியிருந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் விதிப்படி, கையெழுத்துப் போட்டு 30 நாள் ஆகணுமாம், முடியாது என்றுவிட்டார்கள். அடுத்த அறையில் தனியார் காப்பீடு உள்ள பெண் அன்றைக்குத்தான் கேட்டார், அன்றைக்கே முடிந்தது. ஏழை என்றால் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

பழையகோப்பு:
கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1973, அலபாமாவின் மாண்ட்கமரி. ரெல்ஃப் என்ற கறுப்பினக் குடும்பத்து அக்கா தங்கை, ஒருத்திக்கு 14 வயது, இன்னொருத்திக்கு 12. அரசுப் பணத்தில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு மையம் அது, வழக்கமான கருத்தடை ஊசிதான் என்று நினைத்து, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா காகிதத்தில் ஒரு எக்ஸ் போட்டார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆபரேஷனே செய்துவிட்டார்கள். வழக்கு நீதிபதி கெஸெல்லிடம் வந்தது. கூட்டரசுத் திட்டங்களில் வருடத்துக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் ஏழைகளுக்கு இது நடப்பதாகவும், சிலரை உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டியே சம்மதிக்க வைத்ததாகவும் 1974 தீர்ப்பில் இருக்கிறது. அதற்கப்புறம் வந்ததுதான் 21 வயது ஆகியிருக்கணும், 30 நாள் காத்திருக்கணும் என்பதெல்லாம்.

மேற்குக்கரை:
கறுப்பினத்தவர் மட்டுமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி மருத்துவமனையில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் இடுப்பு வலியில் துடிக்கும்போது ஆங்கிலப் படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். பத்துப் பேர் வழக்குப் போட்டு 1978இல் தோற்றார்கள். வலி எடுத்த பிறகு வாங்கும் கையெழுத்து இப்போது செல்லாது, அந்த ஒரு விதியையாவது தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

ரெண்டுபக்கமும்:
சரி, ஆனால் காவலுக்கு வைத்த கதவே இப்போது அவளை வெளியே நிறுத்துகிறதே? குறைப்பிரசவம், அவசர வயிற்று ஆபரேஷன் என்றால் 72 மணி நேரம் போதும், மற்றபடி விலக்கு கிடையாது. அப்புறம் வா என்கிறார்கள், முன்பெல்லாம் பிரசவம் முடிந்து 60 நாளில் அந்தக் காப்பீடே போய்விடும். 2021 சட்டம் 12 மாதமாக நீட்டிக்க வழி செய்தது, டெக்சாஸுக்கு அது வர 2024 ஆகிவிட்டது. கையெழுத்து 180 நாள் செல்லும், கர்ப்பத்தின் 28 வாரத்திலேயே வாங்கிவிடுங்கள், மனசு மாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பிரசவவார்டு:
28 வாரம், டாக்டரிடம் சொல்கிறேன். இந்தப் பெண்ணை ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாலு பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவார் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.