வரவேற்பறைக் கணினிக்குக் கம்பியில்லா விசைப்பலகை: எதை வாங்கலாம்?

சோபாவாசி:
வணக்கம். தொலைக்காட்சியோடு இணைத்திருக்கும் கணினிக்கு நல்ல கம்பியில்லா விசைப்பலகை ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. இப்போது இருப்பது எழுத்துகளை விழுங்குகிறது. தேடல் பெட்டியில் ஒரு படத்தின் பெயரைத் தட்டினால் பாதி எழுத்துகள் வருவதில்லை, சில வேளைகளில் ஒரே எழுத்து நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. விருந்தினர் வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பதால், எது நல்லது என்று மட்டும் சொன்னால் போதும்.

கேள்விக்கணை:
நீங்கள் எழுதாமல் விட்டவற்றில்தான் விடை இருக்கிறது. இயங்குதளம் எது? இப்போதைய விசைப்பலகை புளூடூத்தில் இயங்குகிறதா, டாங்கிள் (விசைப்பலகையோடு வரும் சிறு யூஎஸ்பி அலைவாங்கி) செருகுவதா? நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கணினி எவ்வளவு தூரத்தில், எதற்குள் இருக்கிறது? சுட்டியைத் தனியாக வைத்திருக்கிறீர்களா?

நெடுநாள் உறுப்பினர்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமை இருப்பவர்களுக்கு அது கிடைக்கும். மற்றவர்களுக்காக மீண்டும் ஒருமுறை எழுதுகிறேன். புளூடூத் ஒன்றுதான் முறையான தரநிலை. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே, நெரிசலான அலைவரிசைகளைத் தானே அறிந்து விலகித் தாவும் திறன் அதற்கு உண்டு. டாங்கிள் என்பது அறியாதவர்களுக்கு விற்கப்படும் பொருள்.

அலைவரிசை:
மூத்தவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் வரவேற்பறைக் கணினிக்கு அது பொருந்தாது. இயங்குதளம் ஏறி முடிந்த பிறகுதான் புளூடூத் விசைப்பலகை பொதுவாக உயிர் பெறும் என்பதால், பயாஸ் திரைக்குள் (இயங்குதளம் ஏறும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) நுழைய வேண்டிய அன்று நீங்கள் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும். தூக்கத்தில் இருக்கும் கணினியைச் சோபாவிலிருந்தே எழுப்புவதும் பல கணினிகளில் புளூடூத்தால் நடப்பதில்லை. டாங்கிளைக் கணினி சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையாகவே பார்ப்பதால் இந்த இரண்டு தொல்லைகளும் பெரும்பாலும் எழுவதில்லை.

கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். ஓர் எழுத்து நிற்காமல் வருவது விசை பழுதடைந்ததன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விசையை அழுத்திய செய்தி போய்ச் சேர்ந்து, விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்துபோனால், விசை இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாக நம்பிக் கணினியே அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும். எழுத்துகள் விடுபடுவதும் சேர்ந்தே நடப்பதால், உங்கள் சிக்கல் அலையில்தான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். டாங்கிளுக்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3.0 வன்தட்டு ஏதாவது செருகியிருக்கிறீர்களா? அந்த இணைப்பில் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது எழும் இரைச்சல், இத்தகைய டாங்கிள்கள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது.

மின்கலன்:
அலை, இரைச்சல் என்று எங்கேயோ போகிறீர்கள். மின்கலம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். மறுமின்னேற்ற நிக்கல் கலங்களைப் போட்டிருந்தால் இப்படித்தான் ஆகும், அவை 1.2 வோல்ட் மட்டுமே தருகின்றன, ஆல்கலைன் கலங்கள் 1.5 வோல்ட் தருகின்றன.

அலைவரிசை:
புதிதாக இருக்கும்போது மட்டும்தான் 1.5. ஆல்கலைன் கலத்தின் மின்னழுத்தம் பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே போகும். நிக்கல் கலமோ தன் ஆயுளின் பெரும்பகுதியில் 1.2க்கு அருகிலேயே நிற்கும். 1.2 வோல்ட்டில் திணறும் விசைப்பலகை ஆல்கலைனிலும் பாதி ஆயுள் தீர்வதற்குள் திணறியிருக்கும். அளவுகாட்டி மட்டும் குறைவாகக் காட்டக்கூடும்.

மின்கலன்:
அளவுகாட்டி பொய் சொல்கிறது என்றால் கலம் எப்போது தீரும் என்பதை எப்படி அறிவது? படத்தின் நடுவில் நின்றுபோவதைக் காட்டிலும், ஆல்கலைனைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடலாமே.

அலைவரிசை:
அப்படி மறந்துவிடுவதால்தான் கசிந்து, கலம் வைக்கும் இடத்தின் தகடுகள் அரித்துப்போகின்றன.

கேள்விக்கணை:
கேட்டவர் எந்தக் கலம் போட்டிருக்கிறார் என்பதே நமக்குத் தெரியாது. அவர் வரட்டும்.

சோபாவாசி:
விண்டோஸ்தான், அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. டாங்கிள் உள்ள விசைப்பலகை. கணினி தொலைக்காட்சிக்குக் கீழே உலோகக் கதவுள்ள அலமாரிக்குள் இருக்கிறது. டாங்கிள் அதன் பின்பக்கத்தில், படங்கள் வைத்திருக்கும் வன்தட்டுக்கு அடுத்த துளையில் இருக்கிறது. சோபா ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளி. கலங்கள் புதியவை, ஆல்கலைன். சுட்டி தனி.

அலைவரிசை:
உலோகக் கதவு, கணினியின் உலோகப் பெட்டி, பக்கத்தில் வன்தட்டு: இவ்வளவையும் தாண்டி அந்த அலை வர வேண்டியிருக்கிறது. ஒரு யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கம்பியை வாங்கி, டாங்கிளை அலமாரிக்கு வெளியே, சோபாவிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். வைஃபை 2.4இல் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் எந்த விசைப்பலகையை வாங்கினாலும் அதே எழுத்துகள் தொலையும்; புளூடூத்தும் இதே பட்டையில்தான் இயங்குகிறது.

மடிப்பலகை:
வாங்குவது என்று முடிவாகிவிட்டால், டச்பேட் இணைந்ததையே வாங்குங்கள். மடியில் விசைப்பலகையை வைத்துக்கொண்டு சோபாவின் துணிமேல் சுட்டியை ஓட்டுவது சரிப்படாது. லாஜிடெக் கே400 பிளஸ் இந்தப் பயன்பாட்டுக்கென்றே அமைந்தது. வலப்புறம் டச்பேட், இடது மேல் மூலையில் சொடுக்குப் பொத்தான் என்று இரு கையாலும் பிடித்தபடி இயக்கலாம், எண் பகுதி இல்லாததால் அகலமும் குறைவு. விளக்கு இல்லை என்பது அதன் குறை. அறையை இருட்டாக்கிப் படம் பார்ப்பவருக்கு இது சிறிய குறையன்று. கோடி (Kodi) போன்ற படம் பார்க்கும் செயலியில் இடைவெளி விசை நிறுத்தவும் தொடரவும், எக்ஸ் விசை படத்தை முடிக்கவும் உதவும் என்பதால், அந்தச் சில விசைகளைத் தடவியே கண்டுகொள்ளப் பழகலாம். உள்ளங்கை அளவில் விற்கும் சிறு பலகைகள் ஒரு பெயரைத் தேடுவதற்குப் போதும், நீளமாகத் தட்டினால் கட்டைவிரல் வலிக்கும்.

இன்னொன்று: கடவுச்சொற்களை அதில் தட்டப்போகிறீர்கள் என்றால் மறையாக்கம் உள்ளதா என்று உறையில் பாருங்கள். சில மலிவு விசைப்பலகைகள் தட்டுவதையெல்லாம் மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்புகின்றன என்று 2016இல் பாஸ்டில் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நெடுநாள் உறுப்பினர்:
மறையாக்கம் புளூடூத்தின் தரநிலையிலேயே இருக்கிறது. நான் முதலிலேயே சொன்னேன்.

மடிப்பலகை:
நல்ல டாங்கிள்களிலும் இருக்கிறது, ஐயா. அதனால்தான் உறையைப் பார்க்கச் சொன்னேன்.

சோபாவாசி:
நீட்டிப்புக் கம்பி போட்டு டாங்கிளை வெளியே வைத்தேன். பழைய விசைப்பலகையிலேயே எழுத்துகள் ஒழுங்காக வருகின்றன. இருந்தாலும் டச்பேட் உள்ள ஒன்றை வாங்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கேள்விக்கணை:
மகிழ்ச்சி. எதை வாங்கினீர்கள்? கணினியைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? எழுப்பாவிட்டால், சாதன மேலாளரில் அந்த விசைப்பலகையின் மின் மேலாண்மைப் பகுதியைத் திறந்து, கணினியை எழுப்ப அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மின்கலன்:
எந்தக் கலம் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.