புதுப்பிப்பு: இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் ஹூக்கா கரி

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட ஹூக்கா கரிக்கட்டி (ஹூக்கா புகைக்குழாய்க்கென்று விற்கும் கரி) வாங்கியிருக்கிறேன், வீட்டில் கேஸ் இல்லை, எப்படிப் பற்றவைப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கடைசியில், கம்பிச்சுருள் சிவந்து சூடாகும் சின்ன கரண்ட் காயில் அடுப்புதான் கைகொடுத்தது. இண்டக்‌ஷன் இரும்புப் பாத்திரத்தைத்தான் சூடாக்கும், கரியை ஒன்றும் செய்யாது. காயில் சிவந்ததும் கட்டிகளை மேலேயே வைக்கிறேன். நாலைந்து நிமிடத்தில் அடிப்பக்கம் சிவக்கும். இடுக்கியால் திருப்பிப் போட்டு இன்னும் அவ்வளவு நேரம். ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, லேசாக ஊதினால் முழுக்கக் கங்காகத் தெரிய வேண்டும். கறுப்புத் திட்டு இருந்தால் இன்னும் ஆகவில்லை.

தீக்குச்சியிலேயே பிடிக்கும் வட்டக் கரியும் வாங்கிப் பார்த்தேன். அதில் வெடியுப்பு சேர்ப்பதால் பொறி சீறிக்கொண்டு ஓடுகிறது. பால்கனியில் வைத்து, சீறல் அடங்கியபின் உள்ளே கொண்டுவந்தால் சரி. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கச் சொன்ன அண்ணனுக்குப் பெரிய கும்பிடு, அந்த வேலை மட்டும் வேண்டாம்!

ஜன்னலை மட்டும் திறந்தே வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; புகையில்லாத கங்கிலிருந்தும் வரும். குழந்தையைக் குளிப்பாட்டி மூடிய அறையில் தூபம் காட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும். தலை வலித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அப்புறம், தூபக்காலில் மிஞ்சியதைக் குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். சாம்பலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் அணையாமல் கிடக்கும். நான் தகர டப்பாவில் தண்ணீர் வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறேன்.