மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது, பெரிய ஊசி போடலாமா?

கோத்தகிரி கறவை:
ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாவது ஈத்து. பின்பக்கக் காம்பு ஒன்றில் மடிநோய். ஊசி, காம்புக்குள் ட்யூப் எல்லாம் போட்டால் வீக்கம் இறங்குகிறது, மழை பிடித்ததும் மறுபடி மடி கல் மாதிரி இறுகிப் பால் திரிதிரியாக வருகிறது. மருந்துக்கடையில் இதைவிடப் பெரிய ஊசி இருக்கிறது என்கிறார்கள். போடலாமா?

குந்தா பண்ணை:
வேண்டாம் தம்பி, முதலில் பாலைச் சோதிக்கக் கொடுங்கள். திரும்பத் திரும்ப வருவதில் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இருக்கும், அது மடித் திசுவுக்குள்ளேயே சின்னச் சின்னச் சீழ்க்கட்டியாகப் பதுங்கிக்கொள்வதால் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது, போதாததற்கு பல ரகங்கள் பென்சிலினை உடைக்கும் நொதியையும் வைத்திருக்கின்றன. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமல் ஊசியை மாற்றிக்கொண்டே போனால் மருந்தைத் தாங்கும் கிருமிதான் மிஞ்சும்.

மாதிரி எடுக்கும்போது காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் சில பீச்சு பாலைத் தள்ளிவிட்டு, கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக் கறக்க வேண்டும். கை, சாணம், ரோமம் எதுவும் படக்கூடாது. ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். முக்கியமாக, ஊசி போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து அதன்மேல் மருந்து வில்லைகளை வைப்பார்கள், எதைச் சுற்றிக் கிருமி வளராத நல்ல வட்டம் விழுகிறதோ அது வேலை செய்யும்.

கோத்தகிரி கறவை:
முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகுமே அண்ணா, அதுவரை மாடு தாங்குமா?

குந்தா பண்ணை:
மாதிரி எடுத்த கையோடு டாக்டர் வைத்தியத்தை ஆரம்பிக்கலாம், முடிவு வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். காய்ச்சல் இருந்தாலோ தீவனம் எடுக்காவிட்டாலோ ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாட்டைக் கடைசியில் கறங்கள், கறந்ததும் காம்பை அயோடினில் முக்குங்கள், மாடு படுக்காமல் நிற்க உடனே தீவனம் வையுங்கள். காம்புத் துவாரம் மூட அரைமணி நேரமாவது ஆகும், அதற்குள் ஈரத் தரையில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். நம் ஊர் மழையில் மருந்தைவிட இதுதான் பெரிய வேலை.

ஊட்டி காரட்:
பெரிய ஊசி என்பது மாட்டோடு நிற்கிற விஷயமில்லை. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொடுத்ததால்தான் 2019ல் மத்திய அரசு அதை இப்படி வளர்ப்பு விலங்குகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. அதை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை 2015ல் சீனாவில் பன்றிகளிடம் பார்த்தார்கள். நம் சாணம் காரட் தோட்டத்துக்குத்தான் போகிறது, காரட்டைப் பச்சையாகவும் சாப்பிடுகிறோம். அதனால் சாணத்தைச் சூடேறும்படி நன்றாக மக்கவைத்துப் போடுங்கள்.

கோத்தகிரி கறவை:
சரி, நாளைக்கே மாதிரி கொடுக்கிறேன். ஊசி போட்ட நாளில் கறக்கிற பாலைக் கன்றுக்கு விடலாமா?

குந்தா பண்ணை:
விடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே போனால் கன்றின் குடலிலும் அதே தாங்கும் கிருமிதான் வளரும். டாக்டர் சொல்கிற நாள்வரை சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள், காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. ஓடையில் கொட்டாமல் தள்ளி ஒரு குழியில் ஊற்றி மூடிவிடுங்கள்.